தொடைச் சதைக்குள் முளைத்த எலும்பு

நான் மாடு வளர்ப்பவள். செமிலிங் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டின வீடு. ஆறு கறவை மாடுகள். காலையில் பால் பீய்ச்சி, மோட்டார் சைக்கிளில் பீடோங் வரைக்கும் கொண்டுபோய் வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் ஊற்றுவேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயும் தெரியும். அந்த வாயை மூடவேண்டிய இடத்தில் மூடாமலும், திறக்கவேண்டிய இடத்தில் திறக்காமலும் இருந்ததால் ஒரு காலை இழக்கப் பார்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் அதே முட்டாள்தனத்தைச் செய்யாமல் இருந்தால் போதும்.

தலைச்சன் ஈற்றுப் பசு ஒன்று. முதல் கன்று போட்ட மாடு மடியைத் தொட விடாது, உதைக்கும். காலைக் கட்டும்போது விட்டது ஓர் உதை, என் இடது தொடையின் முன்பக்கத்தில். கண் இருட்டியது. திட்டிக்கொண்டே மிச்ச மாடுகளையும் கறந்து முடித்தேன். சாயங்காலம் தொடை தேங்காய் அளவுக்கு வீங்கி, கறுத்துப்போய்விட்டது.

என் கணவர் மணியத்தின் அக்கா ராஜம்மா பக்கத்து வரிசையில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது, சுளுக்கு எடுப்பது, எல்லாம் அவர்தான். எங்கள் பக்கம் யாருக்கு அடிபட்டாலும் முதலில் அவர் கை, பிறகுதான் கிளினிக். நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்தார்.

"ரத்தம் கட்டியிருக்குடி. அழுத்தி உருவுனாத்தான் கரையும்."

ஆறு நாள் வந்தார். வேலைக்குப் போய்விட்டு வந்து, தன் வீட்டில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் என் தொடையைப் பிடித்து அழுத்தினார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவருக்கும் வியர்த்து ஊற்றியது. காசுக்காகச் செய்தவர் இல்லை. ஆறாம் நாள் வீக்கம் குறைந்தது, ஆனால் உள்ளே ஏதோ கெட்டியாக இருந்தது. மூன்று வாரத்தில் அது கல்லானது. தொட்டால் சுட்டது. முழங்கால் மடங்கவில்லை. அப்போதுதான் கிளினிக்குக் கிளம்பினேன்.

அங்கே ஒரு சின்ன வயசு மலாய்க்காரப் பெண் டாக்டர். தொடையைப் பார்த்தார். பிறகு மணியத்தை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "காக், அடா ஓராங் புக்குல்?" என்று கேட்டார். யாராவது அடித்தார்களா என்று கேட்கிறார்.

எனக்கு உச்சிமுடி எரிந்தது. தோட்டத்துத் தமிழன் என்றால் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான், அப்படித்தானே? மணியம் கொசுவை அடிக்கவே யோசிக்கிற ஆள். "யாரும் அடிக்கல. எதுவும் படல. தானா வந்துச்சு" என்று மலாயில் கத்தினேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடிபடவில்லை என்று எழுதினார். அவர் நல்லதுக்குத்தான் கேட்டார் என்பது இப்போது புரிகிறது.

மாட்டின் உதை அன்றைக்கு என் நினைவில் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். ஆனால் மாட்டுக்காரி உதையை அடி என்று கணக்கு வைப்பதில்லை. மழையில் நனைந்ததைப் போய் டாக்டரிடம் சொல்வோமா? அண்ணி உருவியதை மட்டும் தெரிந்தேதான் மறைத்தேன். உருவல் என்று சொன்னாலே ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள். எங்கள் பக்கம் எல்லாருமே மறைப்போம்.

அந்த ஒரு வரி என் ஃபைலோடு ஊர் ஊராகப் போனது. எக்ஸ்ரேயில் தொடை எலும்புக்குப் பக்கத்தில், சதைக்குள், புகை மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அதற்கப்புறம் எம்ஆர்ஐ. காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். வலி கிடையாது, ஆனால் தகரக் கூரைமேல் யாரோ சம்மட்டியால் அடிக்கிற சத்தம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு டாக்டரும் ஃபைலைப் பார்த்து, "அடிபடலையே?" என்று கேட்டார்கள். நானும் "இல்ல" என்றேன். ஒருமுறை சொல்லிவிட்டேன், மாற்றினால் பொய்க்காரி ஆகிவிடுவேன் என்று நினைத்தேன்.

எலும்பு சர்ஜன் சுற்றி வளைக்காமல் பேசுகிற சீனர். மலாயில் சொன்னார். "உன் தசைக்குள் ஏதோ ஒன்று எலும்பை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. எலும்பு உண்டாக்குகிற கட்டியில் ஒரு வகை புற்றுநோய். அதுவாக இருந்தால் முதலில் மருந்து, பிறகு வெட்டு. காலைக் காப்பாற்றப் பார்ப்போம். முடியாவிட்டால்..." கையின் விளிம்பால் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு காட்டினார்.

பயத்தைவிட முதலில் வந்தது ஆச்சரியம்தான். சதைக்குள் எலும்பு எப்படி உண்டாகும்? யார் உண்டாக்குகிறார்கள்? எலும்பு என்றால் பிறக்கும்போதே வருகிற கட்டை என்று நினைத்திருந்தேன். கேட்டேன். "செல்கள்" என்றார். "எந்தச் செல்? எங்கேயிருந்து வந்துச்சு?" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உதை விழுந்து சரியாக ஐந்தாவது வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். பயாப்சி என்பார்கள். கிடங்கில் மூட்டைக்குள் குழாயைக் குத்தி அரிசி பார்ப்பார்களே, அதே மாதிரி. மரத்துப்போக மருந்து போட்டாலும் அழுத்தம் தெரியும். வெளியே வந்தது தீக்குச்சி அளவுக்கு வெள்ளையும் சிவப்புமாய் ஒரு துண்டு. ஒரு வாரத்தில் முடிவு என்றார்கள்.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. போன் அடித்தால், இன்னும் பார்க்கிறார்கள் என்றார்கள். மணியம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு நினைப்பெல்லாம் ஆத்திரம்தான். ஒரு தீக்குச்சியைப் பார்க்க இரண்டு வாரமா?

போனேன். எலும்புப் பிரிவுக்கு இல்லை, நேராகக் கீழ்த்தளத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு. நோயாளிகள் போகிற இடமில்லை அது. ஊன்றுகோலோடு கண்ணாடிச் சன்னல் முன்னால் நின்று, என் பேரைச் சொல்லி, முடிவு வராமல் நகரமாட்டேன் என்று சத்தம் போட்டேன். சன்னலில் இருந்த பையன் பயந்து உள்ளே ஓடினான். முக்காடு போட்ட ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"பார்வதி நீங்கதானா? உங்க காலைத்தான்க்கா இப்ப பாத்துக்கிட்டு இருக்கேன்."

தமிழ். முக்காட்டைப் பார்த்து மலாய்க்காரி என்று நினைத்திருந்தேன். டாக்டர் நஸீமா. அறுத்தெடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து நோய் இன்னதென்று சொல்வது அவர் வேலை. அப்பா பெண்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவராம்.

"பாத்துக்கிட்டே இருந்தா எப்படி? என்னன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாமதான்க்கா திரும்பத் திரும்பப் பாக்கறேன். ஒண்ணு இடிக்குதுலா. உங்க ஃபைல்ல அடிபடலன்னு போட்டிருக்கு. நிச்சயமா?"

"என்னை யாரு அடிப்பா?"

"யாரும் அடிக்க வேணாம். விழுந்தீங்களா, கதவு இடிச்சுச்சா, எதாச்சும் ஒண்ணு?"

"மாடு உதைச்சுச்சு. அதெல்லாம் ஒரு கணக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எங்க?"

தொட்டுக் காட்டினேன்.

"எப்ப?"

சொன்னேன். அவர் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். "உருவுனீங்களா?"

நான் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தேன்.

"அக்கா, நான் திட்டமாட்டேன். எங்க வீட்லயும் உருவுற ஆளுங்கதான்."

"ஆறு நாள்" என்றேன். "என் நாத்தனார். அவங்க பேரை எழுதாதீங்க."

"பேரு எனக்கு எதுக்கு? உள்ள வாங்க."

நோயாளியை உள்ளே விடும் வழக்கம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே போனதும் நானேதான் கேட்டேன், என் காலிலிருந்து எடுத்ததை நான் பார்க்கக்கூடாதா என்று. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்க்கிற நுண்ணோக்கி ஒன்று இருந்தது. கண்ணை வைத்தேன். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஒரு நிறம் திறந்தது.

ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக, நடுவே ஊதாப் புள்ளிகள். நிறம் சாயம் போட்டதால் வருவது, சதைக்கு அப்படி நிறம் கிடையாது என்றார். ஓர் அம்புக்குறி நகர்ந்து வந்து வெளிர் ரோஜாவில் நின்றது.

"இது எலும்பாகப் போறது. இன்னும் எலும்பு ஆகல. பசை மாதிரி. இதுல சுண்ணாம்புச் சத்து ஏறுனாத்தான் கெட்டியாகும்."

"பாலுக்கு உறை ஊத்தி வெச்ச மாதிரியா?"

"கிட்டத்தட்ட. இப்ப அதோட ஓரத்தைப் பாருங்க."

ஓரத்தில் ஊதாப் பொட்டு வைத்த பருத்த செல்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. தண்ணித் தொட்டியில் மாடுகள் நிற்குமே, அப்படியே. இவைதான் எலும்பைக் கட்டுகிற செல்கள். பசையைச் சுரந்து தன் முன்னால் தள்ளும். சுவர் வளர வளரப் பின்னுக்கு நகரும். நகராமல் நின்றுவிட்டவை, தான் கட்டின சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். ரோஜாத் திட்டுக்குள் சின்னச் சின்னக் குழிகளில் தனித்தனியாக ஊதாப் பொட்டுகள் இருந்தன. அவைதான் மாட்டிக்கொண்டவை.

"செத்துப் போச்சா?"

"இல்லக்கா. உள்ள இருந்தே எலும்பைக் கவனிச்சுக்கும். முடியைவிட மெல்லிசா வாய்க்கா விட்டு, பக்கத்துக் குழியில இருக்கிறதுகூடப் பேசிக்கும்."

"அதோ அது என்ன, அவ்வளோ பெருசா?" ஒரே உடம்பில் ஏழெட்டுப் பொட்டுகளோடு ஒன்று ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

"அது இடிக்கிற செல். கட்டுனது சரியில்லன்னா தின்னுட்டுப் போயிடும். அப்புறம் மத்ததுங்க வந்து நல்லாக் கட்டும்."

"கொட்டகை இடிக்க வர்ற நகராட்சிக்காரன் மாதிரி."

அவர் சிரித்தார். சிரிப்பில் படம் ஆடியது.

அப்புறம் ஒரு தட்டைத் திருப்பினார். படம் இருட்டாகி, ரோஜாத் திட்டுகளுக்குள் இழைகள் வெள்ளிபோல மின்னின. குறுக்கும் நெடுக்குமாக, ஒரு திசை இல்லாமல், அவிழ்த்துக் கொட்டின வைக்கோல் மாதிரி. புதிதாகப் போடும் எலும்பு எப்போதும் இப்படித்தானாம். அவசரத்துக்குக் கட்டுவது. எலும்பு முறிந்த இடத்திலும் முதலில் இந்த வைக்கோல்தான் வருமாம், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் இதேதானாம். நாளாக ஆக இதைத் தின்றுவிட்டு, இழைகளை ஒரே பக்கமாகப் படுக்கவைத்து, கட்டுக் கட்டாக அடுக்கிய வைக்கோல் மாதிரித் திரும்பக் கட்டும். அதுதான் பழுத்த எலும்பு, நாம் சாப்பிட்டுத் துப்புகிற ஆட்டெலும்பு மாதிரி.

என் உடம்புக்குள் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபப்படலாமா என்று யோசித்தேன். வரவில்லை. கண்ணை எடுக்கவே மனமில்லை.

"அப்ப இது புற்றுநோய் இல்லையா?"

"அதான் பிரச்சனை. ரெண்டும் பாக்க ஒண்ணுதான்க்கா. அதுவும் பசையைப் போடும், வைக்கோல் மாதிரிதான் கட்டும். உங்களுதுல செல் வேகமா வேற பெருகுது. நடுவுல மட்டும் பாத்தா நானே பயந்துடுவேன்."

எதை வைத்துப் பிரிப்பது என்றேன். ஒரு தாளில் வட்டம் போட்டார். அடிபட்ட சதைக்குள் எலும்பு முளைத்தால் அதற்கு ஒரு வரிசை இருக்கும். நடுவில் இன்னும் முற்றாத செல்கள், அடுத்த வட்டத்தில் வைக்கோல் எலும்பு, வெளிவட்டத்தில் பழுத்த எலும்பு. வெளியிலிருந்து உள்ளே பழுக்கும். புற்றுநோய்க்கு அந்த ஒழுங்கு கிடையாது. கண்டபடி கட்டும், ஓரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி எடுத்தது நடுவில். ஆனால் தீக்குச்சியின் ஒரு முனையில், நகக்கண் அளவுகூட இல்லாத இடத்தில், இழைகள் ஒரே பக்கமாகப் படுக்க ஆரம்பித்திருந்தன. எனக்கும் காட்டினார். பத்துப் பன்னிரண்டு இழைகள் இருக்கும்.

"இதுக்குத்தான் ரெண்டு வாரம் மல்லுக்கட்டறேன். இதை மட்டும் வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ஆனா நீங்க இப்ப சொன்னது பெரிய விஷயம்."

அன்றே அவர் சர்ஜனிடம் பேசினார். சர்ஜன் என்னைக் கூப்பிட்டு, ஃபைலை மேசையில் போட்டு, ஏன் சொல்லவில்லை என்று கத்தினார். என் வாழ்க்கையில் திட்டு வாங்கிக்கொண்டு பதில் பேசாமல் நின்றது அன்றுதான். பிறகு தணிந்து சொன்னார். நான்கு வாரம் கழித்து இன்னொரு வகைப் படம் எடுப்போம், சிடி. உதையால் வந்ததென்றால் அதற்குள் வெளிவட்டம் கெட்டியாகி, முட்டை ஓடு மாதிரி மூடியிருக்கும். புற்றுநோய் என்றால் ஓடு இருக்காது, நான்கு வாரம் வீணாகும், அது நுரையீரலுக்கும் போகலாம். காத்திருக்கச் சம்மதமா?

மணியம் அங்கேயே சொன்னார். "காத்திருக்க வேணாம். கால் போனா போகட்டும். நீ இருந்தா போதும் எனக்கு."

"உங்களுக்கென்ன, உங்க காலா?" என்றேன். டாக்டர்கள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் நான் அந்தப் பத்துப் பன்னிரண்டு இழைகளைப் பார்த்தவள். காத்திருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்த நான்கு வாரமும் மணியம்தான் கறந்தார். ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டார். காம்பை எப்படிப் பிடிப்பதென்று தெரியாது, பாதிப் பால் தரையில். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. நான் கொட்டகை ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். சர்ஜன் காட்டின அந்தக் கோட்டை அவ்வப்போது கையால் தொட்டுப் பார்ப்பேன்.

அண்ணி எண்ணெயோடு வந்தார், முதல் நாளே.

"வேணாம் அண்ணி. இனிமே உருவக்கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டரு. அடிபட்ட சதையை அழுத்தினா உள்ள இன்னும் கிழிஞ்சு, அங்க எலும்பு முளைக்குமாம்."

"நல்லா இருக்கே கதை. முப்பது வருஷமா உருவுறேன். எவளுக்கு எலும்பு மொளைச்சுச்சு? உனக்கு மட்டும் மொளைக்குமா? நீ என்ன மரவள்ளிக் குச்சியா?"

எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் சாயங்காலம் ரசமும் சோறும் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. உள்ளே வரவில்லை. என் தொடையைப் பார்க்கப் பயந்தார் என்று எனக்குத் தெரியும். நான் கூப்பிடவில்லை. அப்போது அவர்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

சிடி எடுத்த அன்றைக்கு அண்ணியும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. மணியம் காரை நிறுத்த இடம் தேடிப் போக, அண்ணி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மட்டும் உள்ளே போனேன். சர்ஜன் திரையை என் பக்கம் திருப்பினார். டாக்டர் நஸீமாவும் மேலே வந்திருந்தார்.

கறுப்பில் தொடை எலும்பு வெள்ளை வளையமாகத் தெரிந்தது. அதன் முன்னால், சதைக்குள், இன்னொரு வளையம். கோணலானது, ஆனால் முழுசாக மூடியது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு, ஒட்டவேயில்லை.

"ஓடு" என்றேன்.

"ஓடுதான்க்கா" என்றார் நஸீமா. "அழகா மூடியிருக்கு."

சர்ஜன் மற்றதைச் சொன்னார். புற்றுநோய் இல்லை. அடிபட்ட தசையில் வந்த எலும்பு. அழுத்தாதே, உருவாதே, வலி தாங்குகிற அளவுக்கு முழங்காலை மடக்கிப் பழகு. கொஞ்சம் சுருங்கலாம், அப்படியே இருக்கவும் செய்யலாம். தொந்தரவு கொடுத்தால் நன்றாகப் பழுத்த பிறகு, ஒரு வருஷம் போல ஆனதும், எடுத்துவிடலாம். பச்சையாக இருக்கும்போது எடுத்தால் திரும்ப முளைக்கும். கால் உன்னுடையதுதான், போ.

வெளியே வந்தேன். அண்ணி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"எலும்புதான். வேற ஒண்ணும் இல்ல. கால எடுக்க மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"என்னாலயா, பார்வதி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வராது.

"மாடு பாதி. நீங்க பாதி. வாயத் தொறந்து சொல்லாம இருந்த நான் ஒரு பாதி."

அவருக்குக் கண்ணில் தண்ணீர் இறங்கியது. அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூணு பாதி எப்படிடி வரும்?"

"அதான் அவ்வளோ பெருசா வளந்திருக்கு. எழுந்து நடங்க, பசிக்குது."